எட்டாவது மகளிடம் சொல்லாதே

என்னை அமெரிக்காவுக்கு அனுப்பும்போது அப்பா ஒரே ஒரு வேலைதான் கொடுத்தார். தங்கையிடம் உண்மையைச் சொல்லக் கூடாது.

சாத்தூரில் எங்கள் வீட்டுக் கூடத்தில், இடது கையில் ஊசி குத்திய இடத்தில் பிளாஸ்திரியோடு உட்கார்ந்துகொண்டு இதைச் சொன்னார். "கேட்டா நல்லா இருக்காருன்னு சொல்லு. கோயில் பொங்கல் வேலையா அலையிறாருன்னு சொல்லு. வேற ஒரு வார்த்தை உன் வாயிலேருந்து வரக் கூடாது."

அவருக்கு இரண்டு சிறுநீரகங்களும் பழுதாகி மூன்று மாதம் ஆகியிருந்தது. வாரத்துக்கு மூன்று நாள் விருதுநகருக்குக் கூட்டிப் போய் நான்கு மணி நேரம் இயந்திரத்தோடு இணைத்து ரத்தத்தைச் சுத்தம் செய்து கூட்டி வருவேன். டெக்சாஸில் காப்பெல் என்ற ஊரில் இருக்கும் என் தங்கை பூங்கொடிக்கு இது எதுவும் தெரியாது. தெரிந்தால் அடுத்த விமானத்தில் ஏறிவிடுவாள். ஏறினால் திரும்பிப் போவது கஷ்டம். அவளுடைய பழைய விசா முத்திரை காலாவதியாகியிருந்தது. இங்கே வந்து புதிதாக வாங்கித்தான் திரும்ப வேண்டும். அதற்கு எத்தனை மாதம் ஆகும் என்று யாராலும் சொல்ல முடியாது. எங்கள் தெருவிலேயே ஒரு பையன் அப்படி வந்து மாட்டிக்கொண்டான். அப்பா அதைப் பார்த்திருக்கிறார்.

"அப்போ நான் போகலைப்பா" என்றேன்.

"நீ போகலைன்னாதான் அவளுக்குச் சந்தேகம் வரும். ஆறு மாசமா அண்ணன் வர்றான், அண்ணன் வர்றான்னு குதிச்சிக்கிட்டிருக்கா."

என் மனைவி சாந்தி விருதுநகர் வேலையைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள். நான் கிளம்பினேன்.

நான் போன காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். சிவகாசியில் ஒரு கல்லூரியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். ஆறு வருடமாக, கானான் தேசத்துப் பழங்கதைகளை ஆங்கிலம் வழியாகத் தமிழுக்குக் கொண்டுவந்துகொண்டிருக்கிறேன். மூவாயிரம் வருடங்களுக்கும் முன்னால், சிரியாவின் கடற்கரை நகரம் ஒன்றில் களிமண் பலகைகளில் எழுதிவைத்த கதைப்பாடல்கள் அவை. மழைக்கும் இடிக்கும் தெய்வம் பாகால். சாவின் பெயர் மோத். மோத் ஒரு நாள் பாகாலை விழுங்கிவிடுகிறான், மழை நின்றுபோகிறது. பாகாலின் தங்கை அனாத் மோத்தைத் தேடிப் பிடித்து, வாளால் வெட்டி, முறத்தில் தூற்றி, நெருப்பில் வறுத்து, திரிகையில் அரைத்து, வயலில் விதைக்கிறாள். கரிசல் காட்டில் பிறந்தவனுக்கு இதில் அந்நியமாக என்ன இருக்கிறது?

எழுதும் ஒவ்வொரு பகுதியையும் முதலில் பூங்கொடிக்குத்தான் அனுப்புவேன். பிழை திருத்துவாள். "இந்த வரி காலேஜ் வாத்தியார் பேசுற மாதிரி இருக்கு, மாத்து" என்பாள். அவள் மூலமாக நியூ ஜெர்சியிலும் டெக்சாஸிலும் உள்ள சில தமிழர்கள் படித்தார்கள். நேரில் வந்து பேசச் சொன்னார்கள். அவ்வளவுதான்.

முதலில் நியூ ஜெர்சியில் பார்சிப்பனி. என்னைத் தங்க வைத்த ராஜ்குமார் மதுரைக்காரர், மருந்து கம்பெனியில் வேலை. அவர் வீட்டில் காலை ஆறு மணிக்கு எழுந்து தெருவுக்கு வந்தேன். ஓர் ஆள் இல்லை. சாத்தூரில் அந்த நேரத்துக்கு நான்கு பேர் என்னிடம் நலம் விசாரித்திருப்பார்கள். இங்கே ஒரு மான் என்னைப் பார்த்தது. நானும் அதைப் பார்த்தேன். இருவருக்கும் பேச ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் அது பக்கத்து வீட்டுச் செடியை மேயப் போனது.

அன்று மாலை அவர் வீட்டு பேஸ்மென்ட்டில் பன்னிரண்டு பேர் கூடினார்கள். பாகாலுக்கு அரண்மனை கட்டும் கதையைச் சொன்னேன். கொத்தன் தெய்வம் வந்து ஜன்னல் வைக்கலாம் என்கிறது. பாகால் வேண்டாம் என்கிறான். திரும்பத் திரும்ப இதே தகராறு. கடைசியில் பாகால் மனம் மாறி ஜன்னல் வைக்கச் சொல்கிறான். அந்த வழியாகத்தான் அவன் இடிக்குரல் உலகத்துக்குப் போகிறது.

கும்பகோணத்து ஆன்ட்டி ஒருவர் கை தூக்கினார். "இந்தக் கதையில கான்ட்ராக்டர்தான் எனக்கு ரொம்பப் பிடிச்சுது. எங்க கிச்சன் ரீமாடல் பண்றச்சே அவன் சொன்னதை நாங்க கேக்கலை. இப்போ வென்ட்டிலேஷனே இல்லை." எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு நிம்மதியாக இருந்தது. கதை ஊர் வந்து சேர்ந்துவிட்டது.

மறுநாள் ராஜ்குமார், "சார், பக்கத்துல பேட்டர்சன்ல சிரியாக்காரங்க நிறைய இருக்காங்க. ஒரு பேக்கரி இருக்கு. போலாமா?" என்றார். அரை மணி நேரம் டிரைவ் பண்ணினார். கடைக்குள் நுழைந்ததும் சூடான மாவின் வாசனை. வட்டமான ரொட்டிமேல் எண்ணெயும் ஏதோ மூலிகைப் பொடியும் எள்ளும் தடவிச் சுட்டிருந்தார்கள். முதல் கடியில் என் நாக்கு இட்லிப் பொடி என்று முடிவு செய்தது. இரண்டாவது கடியில் இல்லை என்று திருத்திக்கொண்டது.

கடைக்காரர் பெயர் யூசுஃப். அறுபது வயதிருக்கும். முன்கை முழுக்க மாவு. நான் ஏன் வந்திருக்கிறேன் என்று ராஜ்குமார் சொன்னதும் அவர் மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தார். அந்தப் பலகைகள் கிடைத்த மேட்டிலிருந்து தன் கிராமம் கூப்பிடு தூரம் என்றார். சிறு வயதில் அங்கே ஆடு மேய்த்திருக்கிறாராம்.

நான் கதைகளில் வரும் சொற்களை ஒவ்வொன்றாகச் சொன்னேன். "மோத்" என்றேன். "மவ்த். எங்கள் அரபியில் சாவு" என்றார். "யம்" என்றேன். "கடல்." என் உச்சரிப்பைத் திருத்திக்கொண்டே வந்தார். "பாகால்" என்றேன். அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு எழுந்து போய் ஒரு கூடையிலிருந்து வெள்ளரிக்காய் ஒன்றை எடுத்து வந்து மேஜையில் வைத்தார்.

"எங்கள் ஊரில் வாய்க்கால் இல்லாத, கிணறு இல்லாத நிலத்தை அந்தப் பெயரால்தான் சொல்வோம். மழையை மட்டும் நம்பியிருக்கும் நிலம். அதில் விளையும் வெள்ளரிக்கும் அதே பெயர்தான். இது அது இல்லை. இது வெறும் தண்ணீர். அது சின்னதாக இருக்கும், கோணலாக இருக்கும். ஆனால் ருசி!"

நான் மேஜையைத் தட்டிவிட்டேன். "மானாவாரி!" என்று தமிழில் கத்தினேன். பக்கத்து மேஜையில் இருந்த குடும்பம் திரும்பிப் பார்த்தது. ஆறு வருடமாக அந்தத் தெய்வத்தின் பெயரை எழுதிக்கொண்டிருக்கிறேன். அது இன்னும் சாகவில்லை, ஒரு வெள்ளரிக்காயில் உயிரோடு இருக்கிறது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. சாத்தூர் வெள்ளரிக்காயைப் பற்றி நான் சொன்னேன், அவருடைய ஊர் வெள்ளரிக்காயைப் பற்றி அவர் சொன்னார். அரை மணி நேரம் இதே பேச்சு. ராஜ்குமார் இரண்டு டீ குடித்துவிட்டார்.

ஊருக்குக் கடைசியாக எப்போது போனீர்கள் என்று நான்தான் கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம்.

போகவில்லை என்றார். சண்டை தொடங்கியபின் போகவே முடியவில்லை. "ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அம்மாவுக்கு போன் செய்வேன். ஒரு வெள்ளிக்கிழமை, அம்மா சந்தைக்குப் போயிருக்கிறாள் என்று தம்பி சொன்னான். அடுத்த வெள்ளிக்கிழமையும் சந்தை. அதற்கடுத்த வாரம், பக்கத்து வீட்டுக்குப் போயிருக்கிறாள். நாற்பதாம் நாள் ஓதி முடித்தபிறகுதான் தம்பிகள் சொன்னார்கள். ஐந்து வெள்ளிக்கிழமை. ஐந்து வாரமும் நான் அவளுக்கு ஸலாம் சொல்லச் சொல்லி போனை வைத்தேன்."

"தம்பிகள்மேல் கோபமா?" என்றேன்.

"அவர்கள் நல்லவர்கள். அதுதான் கஷ்டம். கெட்டவர்களாக இருந்தால் கோபப்பட்டு முடித்திருப்பேன்."

கையிலிருந்த ரொட்டியை என்னால் முடிக்க முடியவில்லை. அவர் அதைக் காகிதத்தில் சுற்றி, இன்னும் நான்கு சேர்த்துக் கொடுத்தார். காசு வாங்க மறுத்துவிட்டார்.

டெக்சாஸுக்குக் கிளம்பிய நாளில் நியூவார்க் விமான நிலையத்தின்மேல் இடியும் மின்னலும். ஐந்து மணி நேரம் விமானம் நகரவில்லை. வெளியே பாகால் தன் வேலையைச் செய்துகொண்டிருந்தான். உள்ளே, பக்கத்து இருக்கைக்காரர் போனில் தன் மனைவியிடம், "கடவுள் என்மேல் கோபமாக இருக்கிறார், நான் வர ராத்திரியாகும்" என்று ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருந்தார். ஒருவழியாக டல்லாஸில் இறங்கினால் என் பெட்டியைக் காணோம். அது வேறு ஏதோ ஊருக்குப் போயிருந்தது. வேட்டி, சட்டை, குறிப்புகள், சாத்தூர் காராச்சேவு இரண்டு கிலோ, எல்லாம் அதற்குள்.

பூங்கொடி வெளியே நின்றுகொண்டிருந்தாள். பதினாறு வருட அமெரிக்கா அவளை ஒல்லியாக்கியிருந்தது. ஆபீசில் அவள் பெயர் கோடி. கொடி என்று கூப்பிட வராமல் எல்லோரும் சேர்ந்து அவளைக் கோடீஸ்வரி ஆக்கிவிட்டார்கள் என்பாள். ஓடி வந்து என் கையைப் பிடித்தாள்.

"என்னண்ணே, வெறுங்கையோட வர்ற? சரி விடு. அப்பா எப்படி இருக்காரு?"

"நல்லா இருக்காரு. கோயில் பொங்கல் வேலையா அலையிறாரு."

"பொங்கல் பங்குனியிலேயே முடிஞ்சிருச்சே?"

"இது வேற கோயில்" என்றேன்.

அவள் ஒரு நொடி என்னைப் பார்த்தாள். பிறகு கார் சாவியைத் தேடினாள்.

காப்பெலில் அவள் வீடு, அதே நிறத்தில் உள்ள நாற்பது வீடுகளில் ஒன்று. அவள் கணவர் சரவணன் கோயம்புத்தூர்க்காரர். மரியாதையும் உயரமும் அதிகம். அவருடைய பேன்ட்டை எனக்குக் கொடுத்தார். கீழே நான்கு மடிப்பு மடித்து விட்டுக்கொண்டேன். "உங்களுக்கு நல்லாத்தானுங்க மச்சான் இருக்குது" என்றார், சிரிக்காமல். அவர்களுடைய மகள் நிலாவுக்கு ஒன்பது வயது. நான் பேசும் தமிழ் முழுதும் அவளுக்குப் புரிகிறது. பதில் மட்டும் ஆங்கிலத்தில் வரும்.

மறுநாள் காலை முட்டையும் உருளைக்கிழங்கும் வைத்துச் சுருட்டிய டாக்கோ வாங்கி வந்தார்கள். அதில் ஊற்றிக்கொள்ளப் பச்சைச் சட்னி மாதிரி ஒன்று. நிலா என்னிடம் கேட்டாள்: "மாமா, மழை சாமியும் சாவு சாமியும் சண்டை போட்டால் கடைசியில் யார் ஜெயிப்பார்கள்?"

"கடைசின்னு ஒண்ணு இல்லம்மா. இவர் விழுவார், எந்திரிப்பார். அவரும் விழுவார், எந்திரிப்பார்."

"அப்படியென்றால் அது நியாயமான ஆட்டம் இல்லை" என்றாள் அவள். டாக்கோவை முடித்துவிட்டு நீச்சலுக்குப் போனாள்.

பூங்கொடி எனக்குப் பிடித்ததெல்லாம் செய்தாள். வத்தக்குழம்பு, சுட்ட அப்பளம், கத்திரிக்காய்ப் பொரியல். செய்துகொண்டே அப்பாவைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தாள். வாக்கிங் போகிறாரா? கருவாடு கேட்கிறாரா? நான் வரிசையாகப் பொய் சொன்னேன். ஒவ்வொரு பொய்யும் முந்தைய பொய்யைவிடச் சுலபமாக வந்தது. பேட்டர்சன் கடையில் உட்கார்ந்திருந்த அந்த மனிதரின் தம்பிகள் எப்படிப் பேசியிருப்பார்கள் என்று எனக்கு இப்போது நன்றாகத் தெரிந்தது. அவர்களுக்கும் முதல் வெள்ளிக்கிழமைதான் கஷ்டமாக இருந்திருக்கும்.

சனிக்கிழமை மதியம் ஊர் நூலகத்தின் அறை ஒன்றில் கூட்டம். நாற்பது பேருக்குமேல் வந்திருந்தார்கள். பின்னால் ஒரு மேஜையில் சுண்டலும் மசால்வடையும். நான் சொல்வதாக இருந்தது கெரெத் என்ற அரசனின் கதை. பூங்கொடி தேர்ந்தெடுத்ததுதான். குடும்பமெல்லாம் அழிந்துபோன ஓர் அரசன் மறுபடி கல்யாணம் செய்து பிள்ளைகள் பெறுகிறான். தெய்வத்துக்கு நேர்ந்த நேர்ச்சையை மறந்துபோய் நோயில் விழுகிறான்.

அந்தக் கதையில் ஓர் இடம் உண்டு. படுக்கையில் கிடக்கும் அரசன் தன் மகன் இல்ஹுவைக் கூப்பிட்டு, நீ போய் உன் கடைசித் தங்கையைப் பார், ஆனால் எனக்கு நோய் என்று சொல்லாதே, அவள் மனம் தாங்க மாட்டாள், நான் ஒரு விருந்து நடத்துவதாகச் சொல் என்று அனுப்புகிறான். அந்தப் பெண்ணின் பெயருக்கே எட்டாவது என்றுதான் பொருள். தண்ணீர் எடுக்க வாசலுக்கு வரும் அவள், அண்ணன் நிற்பதைப் பார்த்த மாத்திரத்தில் உடைந்துபோய், அப்பாவுக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்கிறாள். அதெல்லாம் இல்லை, விருந்துதான் என்கிறான் அவன். அவள் அவனுக்கு மது ஊற்றிக் கொடுத்து, உண்மையை வாங்கிவிடுகிறாள். மூன்று மாதமாக நோய் என்று ஒப்புக்கொள்கிறான்.

இரண்டு வருடத்துக்கு முன், அப்பா நன்றாக இருந்த காலத்தில், நான் மொழிபெயர்த்த பகுதி அது.

மைக்கைப் பிடித்துக்கொண்டு கதையைத் தொடங்கியபோது அந்த இடத்தைச் சொல்வதாகத்தான் இருந்தேன். பூங்கொடி மூன்றாவது வரிசையில் நிலாவை மடியில் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அரசன் நோயில் விழுந்தான் என்று சொன்னேன். நிலம் வெடித்தது, பானையில் தானியம் தீர்ந்தது, ஜாடியில் எண்ணெய் தீர்ந்தது என்றேன். அடுத்து மகனைக் கூப்பிட வேண்டும். தண்ணீர் குடித்தேன். குடித்துவிட்டு நேராகத் தேவர் சபைக்குப் போய்விட்டேன். உங்களில் யார் இந்த நோயை விரட்டுவீர்கள் என்று மூத்த தெய்வம் ஏழு முறை கேட்கிறது. ஏழு முறையும் யாரும் வாய் திறப்பதில்லை. கடைசியில் அதுவே களிமண்ணைப் பிசைந்து ஒரு மருத்துவச்சியைச் செய்து அனுப்புகிறது. அவள் வந்து அரசனின் வியர்வையைக் கழுவி விடுகிறாள். அவனுக்குப் பசிக்கிறது, கறி கேட்கிறான்.

நல்ல கைத்தட்டல். ஒருவர் களிமண் எழுத்தைப் பற்றிக் கேட்டார். இன்னொருவர் அந்த மொழியை இன்று யார் பேசுகிறார்கள் என்றார். பூங்கொடி வடைத் தட்டுகளை அடுக்கி வைத்தாள். பிறகு சரவணனிடம், "நீங்க நிலாவைக் கூட்டிட்டு வீட்டுக்குப் போங்க. அண்ணன் என் கார்ல வரட்டும்" என்றாள்.

ஃப்ரீவேயில் ஏறினோம். அவள் வீட்டுக்குத் திரும்பும் எக்ஸிட் வந்தது, கடந்து போனது.

"கொடி, எக்ஸிட் போயிருச்சு."

"தெரியும்."

இன்னும் இரண்டு எக்ஸிட் போயிற்று. சாலையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "எட்டாவது மகளை எங்கண்ணே விட்ட?"

"டைம் பத்தல."

"ஏழு தடவை கேட்டதை ஏழு தடவையும் நிறுத்தி நிறுத்திச் சொன்ன. அதுக்கு டைம் இருந்துச்சு. அந்த இடத்தை நீ எனக்கு அனுப்புனப்போ, அண்ணன்காரன் எப்பேர்ப்பட்ட முட்டாள்னு ரெண்டு பேரும் போன்ல சிரிச்சோம். உனக்கு இந்தக் கதையிலேயே ரொம்பப் பிடிச்ச இடம் அதுதான். அதை விட்டுட்டுத் தாண்டிப் போற. தண்ணி குடிச்சிட்டுத் தாண்டிப் போற. சொல்லு. அப்பாவுக்கு என்ன?"

"ஒண்ணும் இல்ல கொடி..."

"மாசியில கழுத்துல துண்டு போட்டுக்கிட்டு வீடியோ கால்ல வந்தாரு. கேட்டா சளின்னாரு. சித்திரையிலேருந்து முழுக்கை சட்டை. அண்ணே, சாத்தூர்ல, சித்திரை வெயில்ல, வீட்டுக்குள்ள, யாருண்ணே முழுக்கை சட்டை போடுவா? எனக்குள்ள ஓடிக்கிட்டேதான் இருந்துச்சு. நீ வந்தா சொல்லுவேன்னு நெனச்சேன்."

சொன்னேன். கழுத்தில் குழாய் போட்டது, பிறகு கையில் நரம்பை இணைத்தது, வாரம் மூன்று நாள், எல்லாம் சொன்னேன். அவள் ஒரு காஸ் ஸ்டேஷனில் காரைத் திருப்பி ஓரமாக நிறுத்தினாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"எத்தன நாளா?"

"மூணு மாசம்."

எஞ்சினை அணைத்தாள். ஏசி நின்றது. ஐந்து நிமிடத்தில் கார் அடுப்பு மாதிரி ஆகிவிட்டது. இரண்டு பேரும் இறங்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தோம்.

"அம்மாவுக்கப்புறம் எனக்கு நீயும் அவரும்தான்னு நெனச்சிட்டிருந்தேன்" என்றாள். "நீங்க ரெண்டு பேரும் ஒண்ணாச் சேந்துக்கிட்டு, என்னை வெளிய நிறுத்திட்டீங்க."

உன் விசா, உன் வேலை, நிலா என்று ஆரம்பித்தேன். கையைக் காட்டி நிறுத்தினாள். அப்பா காலை ஐந்து மணிக்கு எழுந்துவிடுவார் என்பது அவளுக்குத் தெரியும். டெக்சாஸில் சாயந்திரம் ஆறரை ஆக வேண்டும். பங்க்கை ஒட்டிய கடைக்குள் போய் ஐஸ் போட்ட டீ வாங்கி வந்தாள். சர்க்கரை இல்லாத, சாரம் இல்லாத டீ. இருவரும் அதைக் குடித்துக்கொண்டு, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

ஆறு முப்பத்தைந்துக்கு வீடியோ கால் போட்டாள். வழக்கமாக அவள் கூப்பிடுவது ஞாயிறு மாலை. அந்த நேரத்துக்கு அப்பா சட்டை போட்டுத் தயாராக இருப்பார். இப்போது பனியனோடு எடுத்தார். திரையில் முதலில் தெரிந்ததே அந்த இடது கைதான், புடைத்த நரம்பும் இரண்டு பிளாஸ்திரியுமாக.

"யாரு, கொடியா? இந்நேரத்துல என்ன தாயி?"

அப்பா தன் கையைப் பார்த்தார். பக்கத்திலிருந்த துண்டை எடுத்துக் கைமேல் போட்டார். போட்டுவிட்டு, அது பிரயோஜனம் இல்லை என்று புரிந்ததும் எடுத்துவிட்டார்.

"உங்கண்ணன் சொல்லிட்டானா?"

"கடைசிவரைக்கும் சொல்லலப்பா. நானே கண்டுபிடிச்சேன்."

"அவன் மூஞ்சி காட்டிக் குடுத்திருக்கும். அவனுக்குப் பொய் சொல்லத் தெரியாதுன்னு சாந்தி அப்பவே சொன்னா."

"நான் வர்றேன்ப்பா."

"வராத. வந்தா திரும்ப முடியாது. உன் பொழப்பு கெட்டா நான் இருந்து என்ன செய்ய?"

"அதை நான் பாத்துக்கிறேன். என்கிட்ட கேக்காம நீங்களா முடிவு பண்ணாதீங்க."

அப்பாவிடம் அவள் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. அப்பாவும் கேட்டதில்லை போலும். துண்டை எடுத்து மடித்தார். பிறகு, "வெயில்ல எங்க உக்காந்திருக்கீங்க? மூஞ்சியெல்லாம் வேத்துக்கிடக்கு. வீட்டுக்குப் போங்க" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டில் யாருக்கும் தோசை இறங்கவில்லை. சரவணன் நல்ல மனிதர், ஆனால் பயந்திருந்தார். "கொஞ்சம் யோசிச்சுப் பண்ணலாங்க மச்சான். கிரீன் கார்டுக்கு பன்னெண்டு வருஷமா லைன்ல நிக்கறோம். இவ வேலை போச்சுன்னா வீட்டு லோன் ஒரு பக்கம், நிலா ஒரு பக்கம்" என்றார். பூங்கொடி மறுத்துப் பேசவில்லை. "நீங்க சொல்றது எல்லாம் சரிதான். ஆனா நான் போவேன்" என்றாள். அவர் எழுந்து பின்பக்கம் போய்ப் புல் வெட்டினார். வெட்டிய புல்லையே திரும்பவும் வெட்டினார். ஒரு மணி நேரம் கழித்து வேர்வையோடு உள்ளே வந்து, "போய்ட்டு வா. நிலாவ நான் பாத்துக்கறேன். எங்கம்மாவ வரச் சொல்றேன்" என்றார்.

நிலா மாடிப்படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். இறங்கி வந்து ஆங்கிலத்தில் கேட்டாள்: "பள்ளிக்கூடம் திறப்பதற்குள் வந்துவிடுவாயா?"

வந்துடுவேன்டா கண்ணு என்று சொல்லப் போகிறாள் என்று எதிர்பார்த்தேன். நானாக இருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பேன். பூங்கொடி அவள் முன்னால் தரையில் உட்கார்ந்தாள்.

"தெரியலடா. வரப் பாப்பேன். ஆனா நிச்சயமா தெரியல."

நிலா அழுதாள். பூங்கொடியும் அப்போதுதான் அழுதாள். நான் தோசைக்கல்லைக் கழுவப் போனேன்.

திங்கட்கிழமை என் பெட்டி வந்து சேர்ந்தது. காராச்சேவு முழுக்கத் தூளாகியிருந்தது. சரவணன் அந்தத் தூளைத் தயிர்சாதத்தில் போட்டுச் சாப்பிட்டுவிட்டு, இதுதான் சரியான முறை என்று தீர்ப்புச் சொன்னார். அவருடைய பேன்ட்டைத் துவைத்துத் திருப்பிக் கொடுத்தேன். அந்த வாரத்திலேயே நானும் பூங்கொடியும் கிளம்பினோம். விமானத்தில் அவள் என் கையெழுத்துப் பிரதியை வாங்கி, சிவப்பு மையால் பிழை திருத்திக்கொண்டே வந்தாள். எட்டாவது மகள் வரும் பக்கத்தைத் திருத்தாமல் புரட்டினாள். அந்தப் பலகை உடைந்துபோனதால், அப்பாவின் நோய் தெரிந்த அந்தப் பெண் அடுத்து என்ன செய்தாள் என்பது முழுதாகக் கிடைக்கவில்லை. அவள் அழுதாள் என்பதுவரைதான் இருக்கிறது.

இதை எழுதும்போது ஆவணி பிறந்துவிட்டது. நிலாவின் பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. பூங்கொடிக்கு விசா தேதி இன்னும் கிடைக்கவில்லை. கம்பெனி சம்பளமில்லாத விடுப்பு கொடுத்திருக்கிறது, எத்தனை நாளைக்கு என்று சொல்லவில்லை. தினமும் காலையில் மகளோடு பேசுகிறாள். சில நாள் நிலா பேச மறுத்துவிடுகிறாள். அன்றைக்கெல்லாம் இவள் மாடிக்குப் போய்த் துணி மடிக்கிறாள்.

அவள் வந்த மறுநாள் நாங்கள் மூன்று பேரும் விருதுநகர் போனோம். நான்கு மணி நேரம் முடிந்து நர்ஸ் ஊசியை உருவினார். அந்த இடத்தில் பஞ்சை வைத்துப் பத்து நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் ரத்தம் நிற்காது. நான் அமெரிக்கா போகும்வரை அது என் வேலை. பழக்கத்தில் எழுந்தேன். அப்பா கையை என் பக்கம் நீட்டாமல், அந்தப் பக்கம் நின்ற பூங்கொடியிடம் நீட்டினார்.

அவள் இரண்டு கட்டைவிரலையும் வைத்து அழுத்தினாள்.

"வலிக்குதாப்பா?"

ஒவ்வொரு முறையும் நானும் இதைக் கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் இல்லை என்றுதான் சொல்லியிருக்கிறார்.

"ஆமா தாயி" என்றார் அப்பா. "வலிக்குது."

நான் வெளியே போய் டீ வாங்கினேன்.